வெற்றியும் நாணயமும்

பத்தாங் பாடாங் வட்டாரத்தில் கால்பந்து தமிழர் ஆட்டம் என்றும், கூடைப்பந்து சீனர் ஆட்டம் என்றும் நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. இவ்வழக்கிற்குக் காரணம் பிறப்பன்று, இடமே காரணம். தோட்டத்துத் திடலில் நான்கு கழிகளை நட்டுவிட்டால் கால்பந்து ஆடிவிடலாம். கூடைப்பந்துக்கோ சிமெண்டுத் தளம் வேண்டும், பலகை வேண்டும், இரும்பு வளையம் வேண்டும். அவை நகரத்துச் சீனப் பள்ளிகளில் இருந்தன. தோட்டத்து லயன்களின் அருகே இல்லை. இப்பொழுது அவ்வழக்கு மெல்ல மாறி வருகின்றது. தாப்பா நகரில் மாலை வேளைகளில் நம் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளோடும் மலாய்ப் பிள்ளைகளோடும் கலந்து நின்று பந்தெறிவதைக் காண்கின்றோம், காணுந்தோறும் மகிழ்கின்றோம்.

அவ்வாறு ஒருநாள் ஆட்டம் முடிந்தபின், செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகன், இடைநிலைப் பள்ளியில் பயிலும் இளைஞன், நம்மிடம் வந்து ஒரு கேள்வி கேட்டான். 1994, 1995ஆம் ஆண்டுகளில் நம் நாட்டுக் கால்பந்தாட்டத்தைத் தலைகுனியச் செய்த கையூட்டு வழக்குகளைப் பற்றி அவன் யாரிடமோ கேள்விப்பட்டிருந்தான்.

"ஐயா, காசு வாங்கிக்கொண்டு தோற்பது தவறுதான். ஆனால் நம் பக்கம் ஜெயித்தும்விட்டு, ஜெயிக்கிற அளவை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் யாருக்கு என்ன நட்டம்?" என்பதே அவன் கேள்வி.

வினாடிப் பொழுதில் விடை கூறி அனுப்பிவிடத்தக்க கேள்வியன்று அது. ஆகலின் அவனை அருகே அமர்த்தி, ஒரு கல்லூரியின் வரலாற்றைச் சொன்னோம். அவ்வரலாற்றை நம் தோட்டத்துத் தோழர்களும் நகரத்துத் தோழர்களும் அறிதல் நலம் என்று தோன்றியமையால் ஈண்டு எழுதுகின்றோம். அக்கேள்வி நம் நெஞ்சில் தைத்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை இறுதியில் கூறுவோம்.

ஏழைகளின் கல்லூரி

கூடைப்பந்து பழமையான ஆட்டமன்று. 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்க நாட்டு ஸ்பிரிங்பீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார் இதனை வகுத்தார். பனிக்காலத்தில் வெளியே செல்லவியலாத மாணாக்கர்க்கு உள்ளறையில் ஆட ஓர் ஆட்டம் வேண்டியிருந்தது. பழக்கூடைகள் இரண்டை உயரே அறைந்து, அவற்றுள் பந்தை எறியச் செய்தார். அச்சங்கத்தின் கிளைகள் சென்ற நாடுகளுக்கெல்லாம் ஆட்டமும் சென்றது. 1920ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் தொடங்கிய அச்சங்கத்து உடற்பயிற்சிக் கல்லூரியே, தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றிற்கு உடற்பயிற்சி ஆசிரியர்களை ஆக்கித் தந்தது.

நிற்க. இவ்வாட்டத்திற்கு உயரிய குதிரையும் வேண்டுவதில்லை. பரந்த புல்வெளியும் வேண்டுவதில்லை. நெருக்கமான நகரத்துச் சந்தில், ஒரு வளையமும் ஒரு பந்தும் இருந்தால் போதும். ஆதலால் நியூயார்க் நகரத்தின் ஏழைத் தெருக்களில் இது வேரூன்றியது. கிழக்கு ஐரோப்பாவினின்று அடக்குமுறைக்கு அஞ்சி ஓடிவந்த யூதரின் பிள்ளைகளும், தென் மாநிலங்களின் கொடுமையினின்று வடக்கே குடிபெயர்ந்த கறுப்பினத்தாரின் பிள்ளைகளும் இவ்வாட்டத்தில் தேர்ச்சியடைந்தனர். அப்பிள்ளைகளுக்குக் கதவு திறந்திருந்த கல்லூரி ஒன்று அந்நகரில் இருந்தது. அதுவே நியூயார்க் சிட்டிக் கல்லூரி.

அக்கல்லூரியின் பிறப்பு அறியத்தக்கது. பதின்மூன்று வயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போன டவுன்சென்ட் ஹாரிஸ் என்னும் பீங்கான் வணிகர், நகரக் கல்விக் கழகத்தின் தலைவரானார். செல்வன் மகனுக்கு மட்டுமே உயர்கல்வி என்னும் நிலை அவர் மனத்தை உறுத்தியது. பொதுமக்கள் வரிப்பணத்தில், கட்டணமில்லாத கல்லூரி ஒன்று வேண்டும் என்று அவர் வாதாடினார். 1847ஆம் ஆண்டில் நகர மக்களின் வாக்குக்கு அக்கேள்வி விடப்பட்டது. மக்கள் பெரும்பான்மையாக ஆதரித்தனர். கல்லூரி தோன்றியது. இதே ஹாரிஸ், பின்னர் ஜப்பானுக்கு முதல் அமெரிக்கத் தூதராகச் செல்லும் வழியில், 1856ஆம் ஆண்டில் நம் பினாங்குத் துறையில்தான் போர்க்கப்பலேறினார் என்பது, பேராக் வாசகர்க்கு ஒரு நெருக்கத்தை உண்டாக்கும்.

1920ஆம் ஆண்டுகளில் ஹார்வர்டு, கொலம்பியா முதலிய புகழ்பெற்ற பல்கலைக்கழகங்கள் யூத மாணாக்கரின் தொகைக்கு வரம்பு கட்டின. அவ்வாறு வெளியே தள்ளப்பட்டோர்க்குச் சிட்டிக் கல்லூரி புகலிடமாயிற்று. தகுதி ஒன்றே அதன் நுழைவுச்சீட்டு. இளம்பிள்ளை வாதத்திற்குத் தடுப்பு மருந்து கண்ட ஜோனஸ் சால்க், ஆடைத் தொழில் செய்த எளிய குடும்பத்தில் பிறந்து, 1934ஆம் ஆண்டில் அங்குப் பட்டம் பெற்றவர். ஏழைகளின் ஹார்வர்டு என்று அக்கல்லூரிக்கு ஒரு பெயர் வழங்கியதில் வியப்பில்லை.

இங்கே நம் நிலையையும் ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி வந்தது; ஆனால் அப்பள்ளிக்கு மேலே ஏணி வரவில்லை. மலாயாப் பல்கலைக்கழகம் 1949ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள்தான் சிங்கப்பூரில் பிறந்தது. கட்டணமில்லாத உயர்கல்வியை நியூயார்க் மக்கள் தம் வாக்கால் நிறுவியதற்கு அது நூற்றிரண்டு ஆண்டுகள் பிந்தியது. கல்விக் கதவு திறந்தால் ஒரு சமூகம் என்ன செய்யும் என்பதற்குச் சிட்டிக் கல்லூரி சான்று. திறந்த கதவைக் காவாவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் அதுவே சான்று.

இரட்டைப் பட்டம்

1949ஆம் ஆண்டின் முடிவில் தொடங்கி 1950 மார்ச்சில் முடிந்த பருவத்தில், சிட்டிக் கல்லூரி அணியைப் பயிற்றியவர் நாட் ஹோல்மன். இவர் ரஷ்யாவினின்று வந்த யூதக் குடும்பத்தின் பிள்ளை. தம் காலத்தில் பெரும் ஆட்டக்காரர். 1919 முதலே அக்கல்லூரியின் பயிற்றாசிரியர். அணியின் தலைவர் இர்வின் டாம்பிராட். அவரோடு முதல் வரிசையில் நின்றோர் எட் ரோமன், எட் வார்னர், ஆல் ராத், ஃபிளாயிட் லேய்ன் என்னும் நால்வர். இந்நால்வரும் கல்லூரியின் இரண்டாம் ஆண்டு மாணாக்கரே. ஐவருள் மூவர் யூதர். வார்னரும் லேய்னும் கறுப்பினத்தார். மாற்று ஆட்டக்காரருள் நார்மன் மேகர், ஜோசப் காலிபர் முதலியோர் குறிப்பிடத்தக்கவர்.

அக்காலத்தின் நிலையை அறிந்தால்தான் இவ்வணியின் அருமை விளங்கும். 1950 மார்ச்சில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கத்தில் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவரேனும் இல்லை. அவ்வாண்டு அக்டோபரில்தான் முதல்வர் களமிறங்கினார். கெண்டக்கி மாநிலத்தில் 1904ஆம் ஆண்டு முதல் ஒரு சட்டம் இருந்தது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பள்ளியில் பயிலக்கூடாது என்பதே அச்சட்டம். குளத்திலும் கோயிலிலும் பிறப்பைக் கேட்டுத் தடுத்த நம்மவர் வழக்கத்தை அறிந்தோர்க்கு இச்சட்டத்தின் மணம் புதிதாக இராது.

சிட்டி அணி தன் பருவ ஆட்டங்களில் 17 வென்று 5 தோற்றது. நல்ல கணக்கு, ஆயினும் முதன்மைக் கணக்கன்று. நாட்டின் சிறந்த அணிகளின் தரப்பட்டியலில் அதற்கு இடமில்லை. நியூயார்க்கின் மாடிசன் ஸ்குவேர் கார்டன் என்னும் பேரரங்கில் நடைபெறும் அழைப்புப் போட்டிக்குப் பன்னிரண்டு அணிகள் அழைக்கப்பட்டன. கடைசியாக அழைக்கப்பட்டவற்றுள் சிட்டி ஒன்று.

முதலாட்டத்தில், முந்திய ஆண்டின் வாகையரான சான் பிரான்சிஸ்கோவை 65-46 என்று வென்றது. இரண்டாம் ஆட்டம் கெண்டக்கியோடு. 1948, 1949 ஆகிய இரண்டாண்டும் தேசியப் பட்டம் வென்ற பல்கலைக்கழகம் அது. அதன் பயிற்றாசிரியர் அடால்ஃப் ரப் பெரும்புகழ் படைத்தவர். அவர் அணியில் வெள்ளையர் மட்டுமே ஆடினர். ஆட்டத்தின் முன் சிட்டியின் கறுப்பின வீரரோடு கைகுலுக்கக் கெண்டக்கியர் சிலர் மறுத்தனர் என்று சிட்டி அணியினர் பின்னாளில் கூறினர். ஆட்டம் முடிந்தபொழுது கணக்கு 89-50. ரப் தம் வாழ்நாளில் அதுவரை அத்தகைய தோல்வியைக் கண்டதில்லை. பிறப்பால் உயர்வு பேசியோர்க்கு, பேச்சால் அன்றி ஆட்டத்தால் விடை தரப்பட்டது.

அதன்பின் டுகேன் 62-52 என்று வீழ்ந்தது. மார்ச் 18ஆம் நாள் இறுதியாட்டத்தில், நாட்டின் முதல் தரமென எண்ணப்பட்ட பிராட்லி அணியைச் சிட்டி 69-61 என்று வென்றது. அப்போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது எட் வார்னருக்குக் கிடைத்தது. கறுப்பினத்தார் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. இளமையிலேயே பெற்றோரை இழந்து, ஹார்லெம் பகுதியில் உறவினரிடம் வளர்ந்த பிள்ளை அவர்.

பத்து நாள் கழிவதற்குள் தேசியக் கல்லூரிச் சங்கத்தின் போட்டி. ஓஹையோ ஸ்டேட் 56-55 என்று ஒரே புள்ளியில் தோற்றது. வட கரோலினா ஸ்டேட் 78-73 என்று தோற்றது. மார்ச் 28ஆம் நாள் இறுதியாட்டத்தில் மீண்டும் பிராட்லியே எதிர்நின்றது. கடைசி நொடிகளில் சிட்டி 69-68 என்று முன்னே நிற்க, பிராட்லியின் ஜீன் மெல்கியோர் பந்தைக் கவர்ந்து கூடையை நோக்கிப் பாய்ந்தார். டாம்பிராட் அப்பந்தைத் தடுத்துப் பறித்து, முன்னே ஓடிய மேகருக்கு எறிந்தார். மேகர் கூடையில் இட்டார். 71-68. ஒரே ஆண்டில் இவ்விரு பட்டங்களையும் வென்ற அணி அதற்கு முன்னுமில்லை, இன்றுவரை பின்னுமில்லை.

மறுநாள் கல்லூரியில் வகுப்புகள் நின்றன. மாணாக்கர் ஆயிரக்கணக்கில் திரண்டு ஆர்த்தனர். தையற்கடைகளிலும் துறைமுகத்திலும் உழைத்த தந்தையரின் பிள்ளைகள், செல்வக் கல்லூரிகளையெல்லாம் வென்றுவிட்டனர் என்று அந்நகரத்து எளியோர் ஒவ்வொருவரும் அவ்வெற்றியைத் தம் வெற்றியாகக் கொண்டனர். இம்மகிழ்ச்சியை வாசகர் நன்கு மனத்திலிருத்த வேண்டுகின்றோம். ஏனெனில் விலைபோனது இதுவே.

பந்தயக்காரன் கணக்கு

1951 ஜனவரியில், அந்நகரின் மன்ஹாட்டன் கல்லூரி அணியிலிருந்த ஜூனியஸ் கெல்லாக் என்னும் கறுப்பின மாணாக்கரிடம் ஒருவன் வந்து, ஆட்டத்தைக் கெடுத்துத் தந்தால் 1,000 டாலர் தருவதாகக் கூறினான். கெல்லாக் வேலை செய்துகொண்டே பயின்ற ஏழை. அப்பணம் அவருக்குப் பெரும்பணம். அவர் நேரே தம் பயிற்றாசிரியரிடம் சென்று உண்மையைச் சொன்னார். மாவட்ட வழக்கறிஞர் ஃபிராங்க் ஹோகனின் விசாரணை அங்கிருந்து தொடங்கியது.

பிப்ரவரி 18ஆம் நாள், வெளியூரில் ஆடி வென்று இரயிலில் திரும்பிய சிட்டி அணியினருள் வார்னர், ரோமன், ராத் மூவரும் கைது செய்யப்பட்டனர். சில நாளில் லேய்னும் பிடிபட்டார். அவர் வாங்கிய 3,000 டாலரில் பெரும்பகுதி, அவர் அறையில் ஒரு பூந்தொட்டியின் மண்ணுக்குள் கைக்குட்டையில் சுற்றிப் புதைத்திருந்தது. அவர் அப்பணத்தைச் செலவிடவும் துணியவில்லை. திருப்பித் தரவும் துணியவில்லை. பின்னர் டாம்பிராட், மேகர், ஹெர்ப் கோஹன் ஆகியோரும் சிக்கினர். மொத்தம் எழுவர். இரட்டைப் பட்டம் வென்ற அணியின் முதல்வரிசை ஐவரும் அவ்வெழுவருள் அடங்குவர்.

இக்குற்றத்தின் தன்மையை விளக்குதல் வேண்டும். நம் இளைஞனின் கேள்வியும் இதனைப் பற்றியதே. எந்த அணி வெல்லும் என்பதில் மட்டும் பந்தயம் கட்டினால், வலிய அணி மீதே எல்லாரும் கட்டுவர், சூதாட்டம் நடவாது. ஆகவே பந்தயத் தரகர், இந்த அணி பத்துப் புள்ளிகளேனும் கூடுதலாகப் பெற்று வெல்லும் என்று ஓர் அளவு வைப்பர். அணி பன்னிரண்டு புள்ளியில் வென்றால், அதன்மேல் கட்டியவன் வெல்வான். ஆறு புள்ளியில் வென்றாலோ, எதிரே கட்டியவன் வெல்வான். ஆகவே ஆட்டக்காரரிடம் சூதாடி, தோற்றுவிடு என்று முதலில் கேட்பதில்லை. வெல், ஆனால் பத்துக்குக் கீழே வெல் என்பான். இரண்டு பந்தைத் தவறவிட்டால் போதும், பார்ப்பவன் அறியான், அணியும் வென்றுவிடும். புள்ளி கழித்தல் என்று நாம் இதற்குப் பெயரிடலாம்.

இது எங்கே தொடங்கியது? கோடை விடுமுறையில் இவ்விளைஞர்கள் கேட்ஸ்கில் மலைப்பகுதி விடுதிகளில் பரிசாரகராக வேலை செய்து, மாலையில் விருந்தினர் மகிழக் கூடைப்பந்து ஆடினர். விருந்தினர் மொத்தப் புள்ளியைக் கணித்துச் சிறுபந்தயம் கட்டினர். அக்கணிப்புக்கு ஏற்ப ஆடித் தந்தவர்க்குச் சில்லறை கிடைத்தது. சில்லறையில் பழகிய கை, பின்னர் நோட்டுக் கற்றைக்கு நீண்டது. சால்வடோர் சொலாஸோ என்னும் நகைத் தொழிலதிபர், லாங் ஐலண்டு பல்கலைக்கழக அணியில் ஆடிய ஒருவரைத் தரகராகக் கொண்டு, சிட்டி இளைஞரை வளைத்தார். 1950-51 பருவத்தில் மிசூரி, அரிசோனா, பாஸ்டன் கல்லூரி ஆகிய மூன்று ஆட்டங்கள் அவர் பணத்திற்கு ஆடப்பட்டன. மூன்றிலும் சிட்டி தோற்றது! வெல்லும் அளவைச் சிறிது குறைப்போம் என்று எண்ணிப் புகுவோர், தாம் எண்ணிய எல்லையில் நிற்கவியலாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? புகழ்பெற்ற 1949-50 பருவத்தின் சில ஆட்டங்களிலும் புள்ளி கழிக்கப்பட்டது பின்னர் வெளிவந்தது.

தண்டனை யாருக்கு?

இவ்விளைஞர் குற்றமற்றவர் என்று நாம் கூறமாட்டோம். ஆனால் குற்றம் அவர்களோடு முடிந்ததா என்று கேட்பது நம் கடமை. இறுதியாட்டத்து இரவில் அப்பேரரங்கில் 18,000 பேர் காசு கொடுத்து அமர்ந்திருந்தனர். 1934 முதலே அங்குக் கல்லூரி ஆட்டங்கள் நல்ல வாணிகமாக நடந்துவந்தன. அரங்கத்தார்க்குப் பணம், கல்லூரிகளுக்குப் பணம், செய்தித்தாள்கள் பந்தய அளவுகளை அச்சிட்டு விற்றன. பந்தெறிந்தவனுக்கோ ஒரு காசும் இல்லை. சிட்டிக் கல்லூரியை ஆராய்ந்த குழு வேறொன்றும் கண்டது. ஆட்டக்காரர் சிலரைச் சேர்த்துக்கொள்வதற்காக அவர்தம் மதிப்பெண் ஏடுகள் திருத்தப்பட்டிருந்தன. தகுதி ஒன்றே நுழைவுச்சீட்டு என்று ஒரு நூற்றாண்டாகப் பெருமை பேசிய கல்லூரியில், இளைஞர் பந்தைத் தவறவிடுவதற்கு முன்பே பெரியவர்கள் எண்ணைத் திருத்தியிருந்தனர்.

வழக்கு விரிந்தது. 1947 முதல் 1950 வரை 86 ஆட்டங்கள் கெடுக்கப்பட்டன என்றும், ஏழு கல்லூரிகளின் முப்பதுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர் தொடர்புடையர் என்றும் தெரிந்தது. நியூயார்க் என்னும் பாவ நகரத்தின் பிழை இது. எம் பிள்ளைகளைச் சூதாடிகள் அணுகவும் முடியாது என்னும் பொருளில் கெண்டக்கியின் ரப் பேசினார். 1951 ஜூலையில் பிராட்லி அணியினர் சிக்கினர். அக்டோபரில் ரப்பின் சிறந்த வீரர்களான அலெக்ஸ் குரோஸா, ரால்ஃப் பியர்ட், டேல் பார்ன்ஸ்டபிள் மூவரும் கைதாயினர். பிறப்பும் ஊரும் ஒழுக்கத்திற்குக் காப்பாகா என்பது உறுதியாயிற்று.

1951 நவம்பரில் நீதிபதி சால் ஸ்ட்ரைட் தீர்ப்பளித்தார். சூதாடி சொலாஸோவுக்கு 8 முதல் 16 ஆண்டுச் சிறை. சிட்டி அணியின் எழுவருள் பெரும்பாலோர்க்குத் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. சிலர் படையிற் சேர்ந்து தப்பினர். சிறைக்குள் சென்றவர் ஒருவரே. அவர் பெற்றோரை இழந்த எட் வார்னர். தொழில்முறைச் சங்கம், தொடர்புடைய ஆட்டக்காரர் அனைவரையும் வாழ்நாள் முழுதும் விலக்கியது. ஹோல்மன் 1952இல் பணியினின்று நிறுத்தப்பட்டாரேனும் 1954இல் மீண்டும் அமர்த்தப்பட்டார். ரப் தம் பதவியில் 1972 வரை நீடித்தார். அவர் அணியில் முதல் கறுப்பின ஆட்டக்காரர் களமிறங்கியது 1970ஆம் ஆண்டில்தான். தவறு செய்தவருள் ஏழைக்கு ஓர் அளவும் மற்றவர்க்கு ஓர் அளவும் வைக்கப்பட்டது என்பதை இவ்வரலாறு மறைக்கவில்லை.

எனினும், உலகம் ஏழைக்கு வேறு அளவு வைக்கிறது என்பது, ஏழை தவறு செய்வதற்கு நியாயமாகாது. அவன் கூடுதலாக எச்சரிக்கையுடன் இருப்பதற்கே அது காரணமாகும். அவ்வணியின் காலிபரைப் பாருங்கள். அவரும் கறுப்பினத்தார், அதே அறையில் உடைமாற்றி, அதே இரயிலில் சென்றவர். அவர் கை அழுக்குறவில்லை. பிற்காலத்தில் நியூயார்க் மாநிலச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராய்ப் பல்லாண்டு பணியாற்றினார். ஆயிரம் டாலரை மறுத்த கெல்லாக், 1954இல் கார் விபத்தில் நடமாட்டம் இழந்தும், சக்கர நாற்காலியிலமர்ந்து கூடைப்பந்து ஆடுவோர்க்குப் பயிற்றாசிரியரானார். வீழ்ந்தோருள்ளும் எழுந்தோர் உண்டு. பூந்தொட்டியில் பணம் புதைத்த லேய்ன், தெருப் பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்பித்து, 1974ஆம் ஆண்டில் அதே சிட்டிக் கல்லூரிக்குப் பயிற்றாசிரியராகத் திரும்பினார். எட் ரோமன் மேற்படிப்புப் படித்து உளநூல் வல்லுநரானார்.

கல்லூரி மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பேரரங்க ஆட்டங்களை அது கைவிட்டது. பெரும்போட்டிகளில் அதன் பெயர் மீண்டும் ஒலிக்கவில்லை. நகரத்தின் பண நெருக்கடியால் 1976ஆம் ஆண்டில் கட்டணமில்லாக் கல்வியும் முடிவுற்றது.

நம் கணக்கேடு

முன்னே கூறுவதாகச் சொன்ன காரணத்தை இனிச் சொல்வோம். நாம் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைப்பவர். ரப்பர் காலத்தில், பால் நிறுக்கையில் கழிவு என்று சொல்லி நிறையைக் குறைத்தெழுதிய கதைகளைப் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டிருக்கின்றோம். இன்று ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கின்றது. தராசு நின்ற இடத்தில் குலைகளையும் உதிரிப்பழ மூட்டைகளையும் எண்ணும் ஏடு நிற்கின்றது. ஏட்டைப் பிடித்திருக்கும் கை நம் கை.

நாம் வேலைக்குச் சேர்ந்த முதலாண்டில், நமக்கு மூத்த ஒருவர் வழி சொல்லித் தந்தார். ஆளுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு மூட்டை குறைத்தெழுது. தோட்டத்திற்கு நட்டமில்லை, தொழிலாளிக்குத் தெரியவும் தெரியாது, மிச்சத்தை வேறு பெயரில் எழுதிக்கொள்ளலாம் என்றார். நாம் மறுக்கவில்லை. மூன்று வாரம் அவ்வாறே எழுதினோம். இங்கே யாருக்கும் தோல்வியில்லை. சம்பள நாளில் எல்லாரும் கையொப்பமிட்டு மகிழ்ச்சியோடுதான் சென்றனர்.

நான்காம் வாரத்தில், உதிரிப்பழம் பொறுக்கும் மூதாட்டியார் ஒருவர் அலுவலக வாயிலில் வந்து நின்றார். எழுத்தறியாதவர். கையில் ஒரு தீப்பெட்டி, உள்ளே குச்சிகள். மூட்டைக்கு ஒரு குச்சியாக அவர் சேர்த்துவைத்திருந்தார்.

"ஐயா, என் கணக்கிலே ரெண்டு மூட்டை கூட இருக்குதே. நான்தான் தப்பா எண்ணிட்டேனோ?" என்று கேட்டார்.

தம் மீதே ஐயம் கொண்டு கேட்டார்! அதுதான் நம்மைச் சுட்டது. நம் ஏட்டின்மேல் அவர்க்கிருந்த நம்பிக்கை, தம் குச்சிகளின்மேல் அவர்க்கிருந்த நம்பிக்கையினும் பெரிதாயிருந்தது. நாம் களவாடியது மூட்டையை அன்று, அந்நம்பிக்கையை.

நியூயார்க்கில் நடந்ததும் இதுவேயாம். புள்ளி கழித்த இளைஞர் சூதாடியின் எதிரியிடம் மட்டும் திருடவில்லை. கூவி ஆர்த்த மாணாக்கரிடமும், கல்லூரிக்கு வரி செலுத்திய எளியோரிடமும், தம்மைப் போலவே வாயிலில் நின்று உள்ளே வரக் காத்திருந்த அடுத்த தலைமுறையிடமும் திருடினர். இவர்களுக்குப் படிப்பு எதற்கு, பந்து எதற்கு என்று கேட்க வாய்ப்புத் தேடி நின்றோர்க்கு, அவர்களே சொல்லெடுத்துக் கொடுத்தனர். முதன்முதலாக வாயிலைக் கடக்கும் ஏழை தனியனாகக் கடப்பதில்லை. பின்னால் வருவோரின் பெயரையும் சுமந்தே கடக்கின்றான். நம் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்திற்கோ, அரசு அலுவலகத்திற்கோ, ஆட்டக்களத்திற்கோ செல்லும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறியவேண்டுவது இதுவே.

இவ்வளவையும் கேட்டிருந்த இளைஞன், தன் பழைய கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. வேறொன்று கேட்டான்.

"அந்தப் பாட்டிக்கு அந்த ரெண்டு மூட்டையையும் எழுதிக் கொடுத்தீர்களா, ஐயா?"

எழுதிக் கொடுத்தோம் என்றோம். மேலாளரிடம் நடந்ததைக் கூறினோம் என்பதும், அவ்வாண்டுச் சம்பள உயர்வு நமக்குக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

"தீப்பெட்டி வைத்திராத மற்றவர்களுக்கு?" என்றான்.

ஏட்டில் கண்டறிய முடிந்தவற்றை மட்டும் திருத்தினோம். முடியாதவை இன்றும் அவ்வாறே இருக்கின்றன. அதனை அவனிடம் மறைக்கவில்லை, உங்களிடமும் மறைக்கவில்லை. கழித்ததை முழுதும் திருப்பித் தருதல் இயலாது என்பதே, கழிக்கலாகாது என்பதற்கு நாம் கண்ட பெருங்காரணம்.